வள்ளியம்மா பேராண்டியை நம் தெரு எப்படிக் கேட்கிறது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் காலனி இரவுப் பாடசாலையில் கணக்குப் பாடத்தை ஒத்திவைத்துவிட்டுப் பாட்டுக் கேட்டோம். சொல்லிசைப் பாடகர் அறிவு வெளியிட்டிருக்கும் 'வள்ளியம்மா பேராண்டி' தொகுப்பின் முதல் பாகம் அது. ஐ.டி.ஐ. படிக்கும் தம்பி ஒருவன் கைக்கடக்கமான ஸ்பீக்கரைக் கொண்டுவந்து போனோடு இணைத்தான். கரும்பலகைக்குக் கீழே பாய் விரித்துப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். நடவு வேலை முடித்து வந்த பெண்கள் வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். பறை அடிக்கும் பெரியவர் ஒருவர், "நம்ம ஜில்லாப் புள்ள பாட்டாமே" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணையில் வந்து அமர்ந்தார்.

முதலிலேயே ஒரு விதி வைத்தோம். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் இரண்டு பேராவது பேச வேண்டும். "நல்லாருக்கு" என்று மட்டும் சொல்லி உட்காரக் கூடாது. ஏன் நல்லாருக்கு, எது பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். பேசியவர்கள் பலரும், "பேரு மட்டும் போடாதீங்கண்ணா" என்று கேட்டுக்கொண்டதால் இந்தக் கட்டுரையில் பெயர்கள் இல்லை. ஒரு பாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்வதற்குக்கூட நம் பிள்ளைகள் பெயரை மறைக்க வேண்டியிருக்கிறது. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

"சொல்லு காதுல நிக்கல"

முதல் கருத்தே குறையாகத்தான் வந்தது. பறையடிக்கும் பெரியவர் சொன்னார்: "குரல் நல்லாக்குது. அடியும் சுத்தமாக்குது. ஆனா ஒரு சொல்லு காதுல வுழறதுக்குள்ள அடுத்த சொல்லு வந்து அத்தத் தள்ளிடுது. இன்னாத்துக்கு இம்மாம் அவசரம்?"

ஐ.டி.ஐ. தம்பி விடவில்லை. "தாத்தா, இத ஒரு தரம் கேட்டா புரியாது. மூணு தரம் கேளு, ஒவ்வொரு தரமும் புதுசா ஒண்ணு கெடைக்கும்."

"சாவு வூட்டுல நான் அடிக்கற அடிய மூணு தரம் கேட்டாதான் புரியும்னா, பொணம் எப்படா சுடுகாட்டுக்குப் போறது?" என்றார் பெரியவர். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

சிரிப்புக்குள் ஒரு நல்ல கேள்வி இருந்தது. பறையும் ஒப்பாரியும் கூட்டத்தின் நடுவில் பிறந்தவை. கேட்பவர் அங்கேயே, அப்போதே புரிந்துகொள்ள வேண்டும். சொல்லிசை பதிவுக்கூடத்தில் உருவாகி, போன் வழியாகத் தனித்தனிக் காதுகளுக்குப் போகிறது. திரும்பத் திரும்பக் கேட்க முடியும் என்ற துணிச்சலில் சொற்களை அடுக்குகிறது. ஆனால் சொல்லிசைகூடத் தெருவில் பிறந்ததுதான். 1973 ஆகஸ்ட் 11ஆம் தேதி நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு குடியிருப்புக் கட்டடத்தில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்ற இளைஞர் தன் தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றியதை அந்தக் கலையின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். கைவிடப்பட்ட கறுப்பின, குடியேறிய ஏழை மக்களின் பேட்டை அது. அங்கே கிளம்பிய கலைக்கு 2018இல் அமெரிக்காவின் புலிட்சர் பரிசு கிடைத்தது. கென்ட்ரிக் லமார் என்ற சொல்லிசைக் கலைஞரின் தொகுப்புக்கு. தமிழில் இதற்குப் பெரிய வழி போட்டவர்கள் மலேசியத் தமிழர்கள். யோகி பி-யும் நட்சத்திராவும் 2006இல் கொண்டுவந்த 'வல்லவன்' தொகுப்பை எங்கள் வயதுக்காரர்கள் சி.டி.யில் கேட்டிருக்கிறோம்.

இது இலக்கியமா?

இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கை ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, எங்க கிளாஸ்ல இத இலக்கியம்னு சொன்னா சிரிக்கிறாங்க. நீங்க எம்.ஏ. தமிழ்தானே, சொல்லுங்க."

கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். அடிகளின் முதல் எழுத்து ஒன்றி வந்தால் மோனை. இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை. அடியின் இறுதி ஒன்றி வந்தால் இயைபு. ஆங்கிலச் சொல்லிசை பெரும்பாலும் இயைபை நம்பி ஓடுகிறது. தமிழில் பாடுகிறவருக்கு மூன்றும் கைவசம் இருக்கின்றன. பாட்டை மறுபடி ஓடவிட்டு, எங்கெங்கே எதுகை விழுகிறது என்று பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னேன். எட்டாம் வகுப்புப் பையன்கள் சரியாகத் தட்டினார்கள். யாப்பிலக்கணத்துக்கு இவ்வளவு ஆர்வத்தை நான் எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொன்னேன். புறநானூற்றின் 335ஆம் பாடல் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளைப் பெருமையோடு பேசுகிறது. நான்கில் மூன்று பெயர் இசைக் கருவியோடும் பாட்டோடும் சேர்ந்தவை. பாட்டும் தாளமும் உயர்வாக எண்ணப்பட்ட காலம் ஒன்று இருந்தது. பிறகு அதே கருவியைத் தொட்டவன் தீண்டத்தகாதவன் ஆக்கப்பட்டான். தாளத்தை வாங்கிக்கொண்டு தாளம் போட்டவனைத் தள்ளிவைத்த வரலாறு நம்முடையது. ஆகவே, "இது இலக்கியமா" என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வியை யார், எந்த இடத்தில் நின்று கேட்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அரக்கோணத்திலிருந்து

அறிவு அரக்கோணத்துக்காரர். 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அயோத்திதாசப் பண்டிதரின் சாதிபேதமற்ற தமிழர் என்ற சிந்தனையை நினைவில் வைத்துச் சூட்டிய பெயர். கானாவும் சொல்லிசையும் ராக்கும் ஒரே மேடையில் ஏறின. அந்த மேடையில்தான் அறிவை நம்மில் பலரும் முதன்முதலாகப் பார்த்தோம். அடுத்த ஆண்டு 'தெருக்குரல்' தொகுப்பு வந்தது. கேட்டதும் திருக்குறள் நினைவுக்கு வரும். உற்றுக் கேட்டால் தெருவின் குரல். பிறகு 'மாஸ்டர்' படத்தின் 'வாத்தி ரெய்டு'. 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி'. அதற்குப் பிறகு அவர் பெயர் தெரியாத கிராமம் இல்லை.

புதுத் தொகுப்பு சினிமாவுக்காக எழுதியது இல்லை. "படத்துல ஹீரோ நடந்து வர்றதுக்குப் பாட்டு எழுதறது வேற. தனக்காக எழுதறது வேற. இதுல அவர் யாருக்கும் பில்டப் குடுக்க வேண்டியதில்ல" என்றான் கல்லூரி முடித்து வேலை தேடும் தம்பி. இன்னொருவன் மறுத்தான்: "சினிமாப் பாட்டுன்னா டீக்கடை வரைக்கும் போவுது. இது எங்கள மாதிரி தேடிக் கேக்கறவனுக்கு மட்டும்தானே போவுது?" இரண்டு பேர் சொன்னதும் உண்மை. இதற்குத் தீர்ப்பு சொல்ல நான் போகவில்லை.

கண்டிச்சீமைக் கதை

தலைப்பைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். வள்ளியம்மா என்பவர் அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர். அந்தக் கதை மாணவர்கள் பலருக்குத் தெரியவில்லை. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன்.

19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கண்டி மலைகளில் முதலில் காப்பியும், காப்பிச் செடி நோயில் அழிந்த பிறகு தேயிலையும் பயிரிட்டார்கள். காட்டை வெட்டவும் கொழுந்து பறிக்கவும் தமிழ்நாட்டிலிருந்து ஆள் பிடித்தார்கள். பஞ்சமும் கடனும் பண்ணையடிமைத்தனமும் விரட்டிய நிலமற்ற மக்கள் கங்காணியின் பின்னால் நடந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். மண்டபம் வரை நடந்து, கடலைக் கடந்து, மன்னாரிலிருந்து மறுபடியும் காட்டு வழியே மலைக்கு நடை. வழியில் செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. போய்ச் சேர்ந்தவர்களுக்கு லயன் வீடும் தீராத முன்பணக் கடனும் காத்திருந்தன.

1948இல் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரை எண்ணிக்கையாக வைத்துப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியவர்களில் சிலர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். சிலர் முன்னோர் விட்டுப்போன ஊர்களைத் தேடிப் போனார்கள். அங்கே அவர்களுக்கு "சிலோன்காரங்க" என்ற புதுப் பெயரும், சேரியில் பழைய இடமும் கிடைத்தன.

நான் சொல்லி முடித்ததும் வாசற்படியிலிருந்து ஓர் ஆயா பேசினார். அதுவரை அவர் வாயே திறக்கவில்லை. "எங்கம்மாகூடப் பொறந்தவரு ஒருத்தரு கண்டிச்சீமைக்குப் போனாராம். ஒரு கடுதாசி வந்துச்சாம். அத்த வெச்சிக்கினு எங்கம்மா சாவற வரைக்கும் அழுதுச்சி. படிக்கத் தெரியாது, எடுத்து எடுத்துப் பாக்கும். இந்தப் புள்ள அவங்க ஆயா பேரச் சொல்லும்போது எனக்கு அந்தக் கடுதாசிதான் நெனப்புக்கு வருது."

அதற்கு மேல் பாட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்குக் கிடைத்த கருத்துகளில் இதுதான் எனக்குப் பெரியதாகப் பட்டது.

யாருக்குச் 'சாமி'?

'எஞ்சாமி' என்ற சொல்லைப் பற்றியும் பேச்சு வந்தது. நடவு வேலை செய்யும் அக்கா ஒருவர் சொன்னார்: "எங்க மாமியா பேரப்புள்ளயத் தூக்கி வெச்சிக்கினு 'என் சாமி'ன்னு கொஞ்சும். அதே வாயால வரப்புல நின்னுக்கினு நெலத்துக்காரன் வூட்டுப் பத்து வயசுப் பையனையும் 'சாமி'ன்னுதான் கூப்புடும். ஒண்ணு ஆசையில வர்றது, ஒண்ணு பயத்துல வர்றது. அந்தப் பாட்டக் கேட்ட அப்பறம்தான் ரெண்டும் ஒரே சொல்லுன்னு எனக்கு உறைச்சிது."

உழைத்தவருக்கு நிலம் இல்லை என்பது 'எஞ்சாமி' பாட்டின் மையம். நம் மாவட்டத்தில் இது பாட்டோடு முடிகிற சங்கதி இல்லை. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையின் பேரில் 1892இல் ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்கள் இன்று யார் கையில் இருக்கின்றன என்று ஒவ்வொரு ஊரிலும் கேட்க வேண்டியிருக்கிறது. முதல் பத்து ஆண்டுகள் விற்கவே கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குள்ளேதான் கைமாற வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம் அது. பாட்டைக் கேட்ட பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பஞ்சமி நிலத்தின் சர்வே எண்ணையும் கேட்டால் நன்றாக இருக்கும்.

பாட்டுக்கும் நிலத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் பெயர் யார் பேரில் இருக்கிறது என்பது முக்கியம். 2021 ஆகஸ்டில் ஓர் இசை இதழ் அந்தப் பாட்டைப் பற்றிய இதழின் அட்டையில் அறிவை விட்டுவிட்டது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அவருக்குத் தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே அந்தப் பாட்டு மேடையேறியது. பாட்டில் தன் பங்கு என்ன என்று அறிவு எழுதினார். உடன் பணியாற்றியவர்களும் தங்கள் விளக்கத்தைச் சொன்னார்கள். அந்தப் பாட்டால் தங்களில் யாருக்கும் ஒரு பைசா வருமானம்கூட வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே 2024 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார். கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்ட பாட்டின் கதி இது. "அப்போ நாம கேட்ட காசெல்லாம் எங்கண்ணா போச்சு?" என்றான் ஒன்பதாம் வகுப்புப் பையன். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எழுதுகிற, பாடுகிற பிள்ளைகள் ஒப்பந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று மட்டும் சொன்னேன்.

ஹெட்செட்டுக்குள் ஒரு பாட்டு

இனி, பெயரை மறைத்த கதைக்கு வருகிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்க்கும் தம்பி, இந்தத் தொகுப்பின் எல்லாப் பாட்டையும் பலமுறை கேட்டவன். அவன் சொன்னது: "கம்பெனி பஸ்ல ஒன்றரை மணி நேரம் போவணும். சிலபேரு அவங்க சாதிப் பெருமைப் பாட்ட ஸ்பீக்கர்லயே போடுவாங்க. 'ஆண்ட பரம்பர'ன்னு வரும். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நான் இந்தப் பாட்ட ஹெட்செட்ல மட்டும்தான் கேப்பேன். போன் ஸ்க்ரீன்ல படம் தெரியாம கவுத்து வெச்சிடுவேன். ஒருநாள் ஒயரு கழண்டு சத்தம் வெளிய வந்துடுச்சி. ரெண்டு செகண்டுதான். திரும்பிப் பாத்தாங்கண்ணா. அடுத்த நாள்ல இருந்து பக்கத்துல உக்கார்றவன் வேற சீட்டுக்கு மாறிட்டான்."

அறையில் யாரும் பேசவில்லை.

கல்லூரித் தங்கையும் சொன்னாள், தன் போனில் இந்தப் பாட்டு அழைப்பொலியாக இல்லை என்று. போன வருஷம் ஆடிக் கூழ் வார்த்தலின்போது நம் தெரு ஒலிபெருக்கியில் சாதி ஒழிப்புப் பாட்டு போட்டதற்கு "பிரச்சினைக்குரிய பாட்டு" என்று பஞ்சாயத்து வந்ததையும், மைக் செட்காரர் பயந்துபோய்ப் பாதியில் நிறுத்தியதையும் எல்லோரும் நினைவுகூர்ந்தார்கள். அதே மைக் செட்காரர் ஊர்த்தெருத் திருவிழாவில் என்னென்ன பாட்டுப் போடுகிறார் என்று நமக்குத் தெரியும்.

ஒருவன் தன்னை உயர்த்திப் பாடுவது கொண்டாட்டம், இன்னொருவன் எல்லோரும் சமம் என்று பாடுவது பிரச்சினை. இது பாட்டின் ஒலி அளவைப் பற்றிய தகராறு இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் அணியக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிறு கண்ணுக்குத் தெரிகிறது, கழற்றச் சொல்லலாம். காதில் கட்டிய கயிற்றை யார் கழற்றுவது? பள்ளிப் பேருந்திலும் கல்லூரி விடுதியிலும் ஓடும் சாதிப் பெருமைப் பாட்டுகளைப் பற்றி ஆசிரியர்கள் பேசியாக வேண்டும்.

அதற்காக நம் பிள்ளைகள் போட்டிக்கு ஒரு பெருமைப் பாட்டைச் சத்தமாகப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒரு தம்பி அப்படித்தான் சொன்னான்: "அவன் போட்டா நாமளும் போடுவோம், அதவிடச் சத்தமா." பறையடிக்கும் பெரியவர்தான் அவனுக்குப் பதில் சொன்னார்: "அவன் பாட்டுல கீழ ஒருத்தன் இருக்கணும், அப்பதான் அது பாட்டு. இந்தப் புள்ள பாட்டுல கீழ யாரும் கெடையாது. அத்த அவனே கேக்கற மாதிரி போடு. சண்ட போடற மாதிரி போடாத."

வேகத்தைக் குறை சொன்னவர் பாட்டைச் சரியாகவே கேட்டிருக்கிறார்.

பேத்தி எப்போது பாடுவாள்?

கடைசியாகப் பேசியது, 'சாமி' பற்றிப் பேசிய அதே அக்கா. "ஆயா பேரத் தலைப்பா வெச்சான், சந்தோஷம். பேராண்டி பாடிட்டான். பேத்தி எப்பப் பாடுவா? ஒப்பாரி நம்முது, நடவுப் பாட்டு நம்முது, தாலாட்டு நம்முது. மைக்கு மட்டும் ஆம்பளைங்க கையிலயா?"

கேள்வி அறிவுக்கு மட்டும் உரியது இல்லை. நம் எல்லோருக்கும் உரியது. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் இசைவாணி நுழைந்து, 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார். ஒருவர் நுழைந்திருக்கிறார். நம் தெருவில் எத்தனை பெண் பிள்ளைகளுக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒத்திகைக்குப் போக அனுமதி கொடுக்கிறோம்?

அன்று கூட்டம் கலையும் முன் இரண்டு முடிவுகள் எடுத்தோம். ஒன்று, இரவுப் பாடசாலைப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தம் ஆயா, தாத்தாவின் கதையை ஒரு மணி நேரமாவது போனில் பதிவு செய்ய வேண்டும்: எங்கே பிறந்தார், எந்த நிலத்தில் வேலை செய்தார், கூலி என்ன, யார் யாரைச் 'சாமி' என்று கூப்பிட்டார், என்ன பாட்டுப் பாடினார். இரண்டு, ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாளில் பாடசாலை வாசலில் முறையாக அனுமதி வாங்கி ஒரு பாட்டு நிகழ்ச்சி. பெரியவர் பறை அடிப்பார். சொந்தமாக எழுதிய வரிகளைப் பிள்ளைகள் பாடுவார்கள். ஊர்த்தெருவிலிருந்தும் ஆசிரியர்களையும் நண்பர்களையும் அழைக்கிறோம்.

கம்பெனி வேலைத் தம்பி ஸ்பீக்கரை அணைக்கப் போனவன், "இன்னொரு தரம் போடலாமாண்ணா?" என்றான். மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. போடச் சொன்னேன். வாசற்படியில் இருந்த ஆயா எழுந்து போகவில்லை.

திங்கட்கிழமை மாலை அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனின் அக்கா ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். எட்டு வரி எழுதியிருந்தாள், நாற்று முடி சுமக்கும் தன் ஆயாவைப் பற்றி. மூன்றாவது வரியில் எதுகை தட்டியது. திருத்தித் தரட்டுமா என்று கேட்டேன். "வேணாம்ணா, நானே பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.